விமானத்தில் எனர்ஜி டிரிங்க்: கேன், ஷாட், பொடி, மாத்திரை ஆகியவற்றுள் எது தேறும்?

பாதுகாப்புச் சோதனையில் என் கைப்பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய், பாதியில் நின்று, பின்னோக்கி வந்து, மறுபடியும் உள்ளே போனபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பையின் பக்கவாட்டு அறையில் 500 மில்லி எனர்ஜி டிரிங்க் கேன் ஒன்று இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்த அதிகாரி, குளிர் விடாமல் வேர்த்துக்கொண்டிருந்த அந்தக் கேனின் அடியில் ஈர வளையம் படிவதைப் பார்த்தபடியே, "வெளியே போய்க் குடித்துவிட்டு வருகிறீர்களா, அல்லது தொட்டியில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முழுக் கேனையும் குடித்து முடித்தேன். உள்ளே போனது ஏறக்குறைய 160 மில்லிகிராம் காஃபீன். விமானமோ நள்ளிரவில் கிளம்புவது. உடன் வந்தவர்கள் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டுவிட, நான் மட்டும் முன்னிருக்கைத் திரையில் சின்ன விமானப் படம் கடலைக் கடப்பதை விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மேற்கொண்ட நீண்ட பயணங்களில் இந்தப் பானத்தை எந்த வடிவில் எடுத்துச் செல்வது நல்லது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். சோதனைக்குப் பின் உள்ளே வாங்கிய கேன், செக்-இன் பெட்டியில் போட்ட கேன், 60 மில்லிக்கும் குறைவான சிறு பாட்டிலில் வரும் 'ஷாட்', தண்ணீரில் கலக்கும் பொடி, நுரைத்துக் கரையும் மாத்திரை என்று எல்லாவற்றையும் பயன்படுத்தியாயிற்று. விமானத்தைப் பொறுத்தவரை, ஒரு நிறுவனத்துக்கும் இன்னொரு நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட ஒரு வடிவத்துக்கும் இன்னொரு வடிவத்துக்கும் உள்ள வேறுபாடுதான் பெரிது. ஆகவே இந்த மதிப்புரை எந்த ஒரு நிறுவனத்தின் பானத்தையும் பற்றியதன்று. அந்த வடிவங்களைப் பற்றியது.

முதலில் விதியைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் பாதிப் பேர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் வரிசையில் நிற்கிறார்கள். 2006 ஆகஸ்டில், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதித்திட்டம் ஒன்று பிரிட்டனில் முறியடிக்கப்பட்டது. வெடிபொருளைக் குளிர்பான பாட்டில்களில் மறைத்து எடுத்துச் செல்வதுதான் அந்தத் திட்டம். கைப்பையில் திரவம் கொண்டுபோவதற்கான இன்றைய வரம்பு அதன் விளைவாக வந்தது. ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லிக்கு மிகாமல் இருக்க வேண்டும். அவை அனைத்தும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். இங்கே கணக்கில் வருவது கொள்கலனின் அளவே அன்றி உள்ளே இருக்கும் திரவத்தின் அளவு அன்று. அரை லிட்டர் பாட்டிலின் அடியில் இரண்டு மடக்குதான் மிச்சமிருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. வழக்கமாகக் கிடைக்கும் மிகச்சிறிய எனர்ஜி டிரிங்க் கேனே 250 மில்லி என்பதால், இந்த விதி நடப்பில் இருக்கும் எந்த வாசலையும் ஒரு கேன்கூடத் தாண்டாது. ஆணியடித்தாற்போல் இது ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற நாடுகளில் உள்நாட்டுப் பயணத்துக்கு இந்த 100 மில்லி வரம்பு கிடையாது. பையைப் பல கோணங்களில் படம்பிடித்து முப்பரிமாணமாகக் காட்டும் சி.டி. ஸ்கேனர்களைப் பொருத்திய சில விமான நிலையங்கள் 2 லிட்டர் வரையிலான பாட்டில்களைக்கூட அனுமதிக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் கிளம்பும் இடத்தில் புது இயந்திரம் இருக்கிறது என்பதற்காக மகிழ்ந்துவிடக் கூடாது. இடையில் மாறும் ஊரிலோ திரும்பி வரும்போதோ பழைய இயந்திரமே இருக்கக்கூடும். கிளம்பும் நிலையத்தின் இணையதளத்தோடு மாறும் நிலையத்தின் இணையதளத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

இனி கேனுக்கு வருவோம். சோதனை வாசலைத் தாண்டியபின் உள்ளிருக்கும் கடையில் வாங்கி விமானத்துக்குள் எடுத்துச் செல்வதில் பொதுவாகத் தடையில்லை. சொந்தமாகக் கொண்டுவந்த மதுவை விமானத்தில் குடிக்க விடமாட்டார்கள். எனர்ஜி டிரிங்க் அந்தக் கணக்கில் சேராது. பணியாளர்களிடம் இரண்டு முறை கேட்டுவிட்டே திறந்தேன், இரண்டு முறையும் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஆகவே குறுகிய நேரடிப் பயணத்துக்கு இதுவே எளிய வழி. சிக்கல் இடைமாற்றத்தில்தான் தொடங்குகிறது. முதல் நிலையத்தின் உள்கடையில் வாங்கிய கேன், இரண்டாவது நிலையத்தில் மறுபடியும் சோதனை இருந்தால் அங்கே சாதாரணத் திரவமாகிவிடும். தீர்வையில்லாக் கடைகளில் மதுவையும் வாசனைத் திரவியத்தையும் ரசீதோடு வைத்து முத்திரையிட்டுத் தரும் பாதுகாப்புப் பை ஒன்று உண்டு. பயணம் முடியும்வரை அதைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். தண்ணீரும் சிப்ஸும் விற்கும் கடையில் அப்படியொரு பையை எனக்கு யாரும் தந்ததில்லை. இடைமாற்றத்தில் நான் இழந்த இரண்டு கேன்களும் இப்படி வாங்கியவைதான்.

விமானம் உயரே போனால் கேன் வெடித்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். வெடிக்காது. பயணிகள் இருக்கும் அறையின் அழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் நிற்பதற்கு ஒப்பான அளவில் வைக்கப்படுகிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அது 6,000 அடியை ஒட்டியிருக்கும். 8,000 அடிக்கு ஒப்பான நிலையிலும் வெளியழுத்தம் தரைமட்டத்தைவிடக் கால் பங்குதான் குறையும். கார்பன் டை ஆக்சைடு ஏற்றிய பானத்தின் கேனுக்குள்ளோ, சாதாரண அறை வெப்பத்திலேயே வெளியில் இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் இருக்கிறது. அதைத் தாங்கும் தகடு, இந்தக் கால் பங்கு மாற்றத்தைப் பொருட்படுத்தாது. கேனுக்கு உண்மையான எதிரி வெப்பம்தான். வெயிலில் நிறுத்திய காரில் கிடக்கும் கேன் படும் பாட்டில் ஒரு பங்குகூட விமானத்தில் இருக்கும் கேன் படுவதில்லை.

ஆனால் வெடிக்காது என்பதும் பொங்காது என்பதும் வேறு வேறு. அழுத்தம் குறைந்தால் திரவத்தில் கரைந்திருக்கும் வாயு எளிதாக வெளியேறும். வெப்பம் ஏறினாலும் அப்படியே. குலுக்கினால் சொல்லவே வேண்டாம். ஓடுபாதையில் அதிர்ந்து, மேலே ஏறும் வழியில் ஆடி, முன்னிருக்கையின் வலைப்பைக்குள் முழங்கால் சூட்டில் இரண்டு மணி நேரம் கிடந்த கேனில் இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்திருக்கும். முதல் தடவை இதை யோசிக்காமல் வளையத்தை ஒரே இழுப்பில் திறந்தேன். மஞ்சள் நுரை புஸ்ஸென்று பொங்கி மடிமேசையில் வழிந்து, அதன் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் வெள்ளைச் சட்டைக் கைமடிப்பை எட்டிவிட்டது. அவர் கண்ணைத் திறந்து என்னையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. இப்போதெல்லாம் கேனை நிமிர்த்தி அரை மணி நேரமாவது அசையாமல் வைத்து, பணியாளரிடம் பனிக்கட்டி போட்ட கோப்பை ஒன்று வாங்கிக்கொண்டு, கேனின் வாயை நாப்கினால் மூடி, வளையத்தை மயிரிழை அளவு தூக்கி, சீறல் அடங்கிய பிறகே முழுவதும் திறக்கிறேன். திறந்த கேனை மூட வழியில்லை என்பது இன்னொரு குறை. பாதி குடித்த நிலையில் இருக்கைப் பட்டையைப் போடச் சொல்லும் விளக்கு எரிந்து விமானம் ஆடத் தொடங்கினால், ஒரு கையால் கேனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சுவையும் மாறுகிறது. தரையில் திகட்டும் இனிப்பாக இருக்கும் அதே பானம் மேலே புளிப்பும் லேசான கசப்புமாக நாக்கில் படுகிறது. இது என் பிரமையன்று. விமானத்துக்குள் கேட்கும் இரைச்சலைப் போன்ற ஒலிச் சூழலில் இனிப்புச் சுவை மங்குகிறது என்றும், தக்காளி, காளான் போன்றவற்றில் உணரும் உமாமி எனப்படும் சுவை கூடுகிறது என்றும் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள். உலர்ந்த காற்றில் மூக்கு வறண்டு மணமும் பாதி போய்விடுகிறது. 250 மில்லியில் 27 கிராம் சர்க்கரை கொண்ட பானம், இனிப்பு மங்கிய நாக்குக்கு அவ்வளவு சர்க்கரை உள்ளதாகத் தோன்றாது. அதனால் இன்னொரு கேன் குடிக்கத் துணிவு வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். வயிற்றின் கதை வேறு. அறையின் அழுத்தம் கால் பங்கு குறையும்போது வயிற்றிலிருக்கும் வாயு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். வாயு ஏற்றிய பானத்தை அந்த நிலையில் குடித்தவர்கள் அடுத்த ஒரு மணி நேரம் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே இருப்பார்கள்.

செக்-இன் பெட்டியில் கேன் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மது கலவாத பானம் என்பதால் பொதுவாக அளவுக் கட்டுப்பாடு கிடையாது, எடைதான் கட்டுப்பாடு. 500 மில்லிக் கேன் பன்னிரண்டு வைத்தால் ஆறு கிலோவுக்கு மேல் போய்விடும். சரக்கறையும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் காக்கப்பட்ட பகுதிதான் என்பதால் அழுத்தத்தால் அங்கே எதுவும் ஆகாது. ஆபத்து, பெட்டியைத் தூக்கி எறிவதிலும் அடுக்குவதிலும் இருக்கிறது. என் பெட்டியில் ஒரு கேனின் கழுத்துப் பகுதி நசுங்கி, மயிர்க்கால் அளவு பிளவு விழுந்து, ஒரு சட்டையும் இரண்டு காலுறைகளும் சர்க்கரைப் பாகில் ஊறி உலர்ந்து அட்டைபோல் விறைத்துக் கிடந்தன. எடுத்துப்போகத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, துணிகளுக்கு நடுவே, பெட்டியின் ஓரத்தில் படாமல் வைக்கலாம். போகும் நாட்டின் சுங்க விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும், குறிப்பாக அளவில் அதிகமாகக் கொண்டுபோகிறவர்கள். சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2017இல் இந்தப் பானங்களுக்கு 100 சதவீதக் கலால் வரி விதித்தன. லிதுவேனியா 2014 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இதை விற்பதையே தடைசெய்திருக்கிறது. சாதாரணக் குளிர்பானம்தானே என்று எல்லா நாடும் நினைப்பதில்லை. எப்படிப் பார்த்தாலும் இது போய்ச் சேர்ந்த இடத்தில் குடிப்பதற்கான வழியே தவிர விமானத்தில் குடிப்பதற்கான வழியன்று.

ஷாட் என்று விற்கப்படும் சிறு பாட்டில், காகிதத்தில் பார்த்தால் விமானத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். பெரும்பாலும் 60 மில்லி அல்லது அதற்கும் குறைவு. 100 மில்லி வரம்புக்குள் அடங்கும், ஒளிபுகும் பையில் ஷாம்பு குப்பிக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். வாயு ஏற்றாத பானம், ஆகவே பொங்காது. திருகுமூடி இருப்பதால் பாதி குடித்து மூடியும் வைக்கலாம். ஒரே ஒரு தடவை அதிகாரி ஒருவர் அதை எடுத்து, சுற்றியிருந்த தாளில் அளவு எங்கே அச்சிட்டிருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது; ஆகவே அளவு அச்சிட்ட தாளை நான் எடுப்பதே இல்லை.

வாசலைத் தாண்டுவதில் முழு மதிப்பெண் பெறும் இந்த ஷாட், குடிப்பதில்தான் சறுக்குகிறது. ஒரு பெயர்பெற்ற ஷாட்டில் 57 மில்லிக்குள் ஏறக்குறைய 200 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. 250 மில்லி ரெட் புல் கேனில் இருப்பது 80 மில்லிகிராம். அதாவது கால் பங்கு அளவுக்கும் குறைவான திரவத்தில் இரண்டரை மடங்கு காஃபீன். உடல்நலத்தோடு இருக்கும் வயதுவந்தவர் ஒரே வேளையில் 200 மில்லிகிராம், ஒரு நாளில் மொத்தம் 400 மில்லிகிராம் வரை காஃபீன் எடுத்துக்கொள்வதால் பொதுவாகக் கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கருத்துத் தெரிவித்தது. கர்ப்பிணிகளுக்கு அது நாள் முழுவதற்கும் சேர்த்தே 200 மில்லிகிராம்தான். ஆகவே இரண்டு மடக்கில் முடியும் ஒரு ஷாட், ஒரு வேளைக்கான வரம்பைத் தொட்டுவிடுகிறது; பின்னாலேயே வரும் வண்டியில் காபியையும் வாங்கிக் குடித்தால் வரம்பு தாண்டிவிடும். கேனில் குறைந்தபட்சம், குடிக்கக் குடிக்க நேரமாகிறது என்ற பாதுகாப்பாவது இருக்கிறது. சுவையோ, பழச்சுவை கலந்த இருமல் மருந்து. அரை பாட்டில் குடித்து மூடிவைத்து, மீதியை மூன்று மணி நேரம் கழித்துக் குடிப்பதாக இருந்தால் ஷாட்டை நான் பரிந்துரைப்பேன். அந்தக் கட்டுப்பாடு எனக்கு இரண்டு தடவைக்கு மேல் வாய்க்கவில்லை.

பொடியும் மாத்திரையும் திரவம் அல்ல என்பதால் திரவ விதியே அவற்றைத் தொடாது. இதைத்தான் நான் நெடுநாள் யோசிக்காமல் விட்டுவிட்டேன். எனர்ஜி டிரிங்கின் எடையில் மிகப் பெரும் பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சுமந்துகொண்டு போய் வாசலில் பறிகொடுப்பதைவிட, காலி பாட்டிலோடு வாசலைத் தாண்டி உள்ளே தண்ணீர் பிடித்துக்கொள்வதுதான் அறிவுடைமை. காலி பாட்டிலுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஒரு துளிகூட இல்லாமல் முழுவதும் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொடியில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லி கொள்ளளவுக்கு மேற்பட்ட பொடி இருந்தால் கூடுதல் சோதனைக்கு உட்படுத்துவார்கள். 2018 முதல் இது நடப்பில் இருக்கிறது. ஒரு வேளைக்கான சிறு பாக்கெட்டுகள் ஏழெட்டு சேர்ந்தாலும் அந்த அளவின் அருகில்கூட வராது. ஆனால் பெரிய டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைக் கரண்டியால் அள்ளிப் பெயர் எழுதாத ஜிப் பையில் கட்டிக்கொண்டு போவது, கேள்வியை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். கடையில் வந்த பாக்கெட்டிலேயே விட்டுவிடுங்கள். கலக்குவதும் அவ்வளவு நேர்த்தியாக இல்லை. குறுகிய வாய் கொண்ட பாட்டிலுக்குள், ஆடும் விமானத்தில், பாக்கெட்டின் மூலையைக் கிழித்துக் கொட்டும்போது ஒரு பங்கு மடியில் விழுகிறது. மீதியில் கொஞ்சம் அடியில் கட்டிதட்டி நிற்கிறது. அகன்ற வாய்ப் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறை பாதியாகிவிடும்.

நான் கடைசியில் வந்து நின்றது நுரைத்துக் கரையும் மாத்திரையில். கைக்குள் அடங்கும் ஒரு குழாயில் பத்து முதல் இருபது மாத்திரைகள் அடங்கிவிடுகின்றன. மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருப்பதால், பையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடுவதில்லை. ஒரு மாத்திரையை 500 மில்லி தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் கரைந்துவிடும். மாத்திரையிலிருக்கும் சிட்ரிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் தண்ணீர் பட்டவுடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடுவதால்தான் அந்த நுரை எழுகிறது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தும், முதல் தடவை மாத்திரையைப் போட்டவுடன் பாட்டிலை இறுக மூடிவிட்டேன். ஒரு நிமிடத்தில் பாட்டில் கல்லுப்போல் விறைத்தது. பயந்துபோய் மூடியைத் திருகியபோது எழுந்த சத்தத்தில் மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. மூடாமல் வைக்க வேண்டும். அல்லது மூடியைத் தளர்வாக உட்காரவைத்து, கரைந்து அடங்கிய பிறகு இறுக்க வேண்டும். இதைத் தவிர மாத்திரையிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அளவு நம் கையில் இருக்கிறது. அரை மாத்திரையை உடைத்துப் போடலாம். ஒரு மாத்திரையை இரண்டு பாட்டில் தண்ணீருக்குப் பகிரலாம். நான் பயன்படுத்துவதில் சர்க்கரை கிடையாது. கேனின் சுவை இதில் வராது. நீர்த்துப்போன எலுமிச்சை மிட்டாய் போல இருக்கும். உலர்ந்த தொண்டைக்கு அது கேனைவிட இதமாகவே இருக்கிறது. கூடவே அரை லிட்டர் தண்ணீரும் உள்ளே போய்விடுகிறது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான் என்பதால் அந்த அரை லிட்டரின் அருமை நான்காவது மணி நேரத்தில் தெரியும்.

வாங்கும்போது குழாயின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். அலமாரியில் ஒரே மாதிரி அடுக்கியிருக்கும் குழாய்களில் சிலவற்றில் வைட்டமினும் உப்புகளும் மட்டுமே இருக்கும், காஃபீன் துளியும் இருக்காது. நான் ஒரு முறை அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, இரண்டு மாத்திரை போட்டும் தூக்கம் வருகிறதே என்று வியந்துகொண்டிருந்தேன். காஃபீன் உள்ளவற்றிலும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இப்போது நான் வைத்திருக்கும் குழாயில் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே உருப்பெருக்கி வேண்டியிருக்கிறது. பழத்தின் படம் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறது. லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் உள்ள பானங்களில் அதைத் தெளிவாக எச்சரிக்கையோடு அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி இருக்கிறது. மாத்திரைக் குழாய்களும் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் முன்பக்கத்திலேயே போட்டால் நல்லது.

வடிவம் எதுவானாலும் எப்போது குடிப்பது என்ற கேள்வி ஒன்று உண்டு. அதில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்துக்கொண்ட 400 மில்லிகிராம் காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்துவிடுகிறது என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே எட்டு மணி நேர இரவு விமானத்தில் ஏறியவுடன் குடிப்பது, தூங்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பையும் கெடுத்துக்கொள்வதாகும். சோதனை வாசலில் நான் செய்தது அதைத்தான். இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு, காலை உணவு தரும் நேரத்தில் குடித்தால், குடிவரவு வரிசையில் நிற்கும்போது கண் தெளிந்திருக்கும். பகல் விமானத்தில், போய் இறங்கும் ஊரில் அப்போது மாலையாக இருக்குமானால் நான் குடிப்பதே இல்லை. சன்னலோர இருக்கைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது: அரை லிட்டர் குடித்த ஒரு மணி நேரத்தில் தூங்கும் இரண்டு பேரைத் தாண்டிக் கழிவறைக்குப் போகவேண்டிவரும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம். விமானத்தில் தரும் மதுவோடு இதைக் கலப்பதும் வேண்டாத வேலை; காஃபீன் போதையைக் குறைப்பதில்லை, போதை ஏறியதை உணர முடியாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

சென்ற பயணத்தில் என் கைப்பையில் இருந்தவை ஒரு குழாய் மாத்திரையும், அகன்ற வாய் கொண்ட காலி பாட்டிலும், அவசரத்துக்கென்று ஒரு ஷாட்டும். ஷாட் போனபடியே திரும்பி வந்தது. எக்ஸ்ரே இயந்திரம் இம்முறை நிற்காமல் ஓடியது. அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பாட்டிலை மட்டும் எடுத்து, மூடியைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து இரண்டு தடவை உதறிப் பார்த்துவிட்டு, "தண்ணீர்க் குழாய் இடது பக்கம், கழிவறைக்கு எதிரே" என்றார்.